நடுப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை

பிற்பகல் மூன்று மணி.

ஓவியர் சுப்புராயன் எட்டாவது அட்டையை எடுத்துச் சட்டத்தில் நிறுத்தினார். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த கணம் மண்டபம் முழுக்கச் சிரிப்பு. கூட்டத்தைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்த அவருக்குக் காரணம் விளங்கவில்லை.

“இந்த ஒரு படத்துக்குத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு” என்றார். சிரிப்பு இன்னும் பெரிதானது. திரும்பிப் பார்த்தார்.

அட்டை வெறும் வெள்ளையாக இருந்தது.

அவர் அதைப் புரட்டினார். பின்பக்கமும் வெள்ளை. அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

கள்ளக்குறிச்சி சித்திரக்கதை வாசகர் மன்றம் நடத்திய முதல் விழா அது. 1988 ஜனவரி. பொங்கல் முடிந்த கையோடு ஒரு கல்யாண மண்டபத்தை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். காலையில் தூரிகைப் பயிற்சி, பிற்பகலில் சுப்புராயனின் பேச்சு, மறுநாள் வசனக் குமிழி எழுதும் பயிற்சி. சென்னையில் இருபது வருஷமாகப் படக்கதை வரைகிறவர் சுப்புராயன். கல்வராயன் மலையையும் அதன் அடிவாரத்தையும் வைத்து வரைந்த புதுக்கதையை அச்சுக்குக் கொடுக்குமுன் இந்த ஊர்க்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று மூலப்படங்களையே கொண்டுவந்திருந்தார். அவற்றுக்கு நகல் கிடையாது.

மன்றத் தலைவர் கந்தசாமி வாசல் கதவை இழுத்துச் சாத்தினார். “யாரும் வெளிய போவாதீங்க” என்று கத்திவிட்டு, சைக்கிளில் ஓர் ஆளைக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார்.

*

சப்-இன்ஸ்பெக்டர் கமலா வரும்போது நான்கு மணி ஆகவில்லை. கூடவே ஒரு ஏட்டு. போன செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததிலிருந்தே அந்த ஸ்டேஷனில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. வெட்டிப் போட்ட மரங்களுக்கு ஒரு கேஸ், உடைந்த பஸ் கண்ணாடிகளுக்கு ஒரு கேஸ். சங்கராபுரம் சாலையில் விழுந்த புளியமரத்துக்கான கேஸ் கமலாவின் தலையில். வெட்டியவர் யார் என்று இன்னும் தெரியவில்லை. மேலே இருப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மண்டபத்தில் ஏட்டுக்கு வேலையே இல்லாதபடி ஓர் ஆளைத் தூணோடு சேர்த்து உட்கார வைத்திருந்தார்கள். போராட்டச் சுவரெழுத்து எழுதும் பெயின்டர் கவியரசன். சட்டை கிழிந்திருந்தது.

“இவந்தான் மேடம்” என்றார் ஒருவர். “காலையிலயே ஓவியரோட சண்ட. சாப்பாட்டு நேரத்துல படம் வச்ச ரூம் ஜன்னலாண்ட நின்னுகினு இருந்தான்.”

“சட்டையக் கிழிச்சது யாரு?”

சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

“அவரை எழுப்பி நாற்காலியில உக்கார வைங்க” என்றாள் கமலா. ஏட்டைப் பார்த்து, “எல்லார் பையையும் பாருங்க. அட்டை பெரிசு. மடிச்சா படம் கெட்டுடும். அதனால மடிச்சிருக்க மாட்டாங்க” என்றாள்.

பைகளில் அட்டை இல்லை. சமையலறை, மாடி, கழிவறை, வண்டி நிறுத்துமிடம் எங்கேயும் இல்லை. மண்டபத்தின் மதில் ஓராள் உயரத்துக்கு மேல். அதன் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது.

*

மணமகள் அறையில் ஒரு கட்டில், ஒரு நிலைக்கண்ணாடி, நெருக்கமாகக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். அட்டைக் கட்டு காலையிலிருந்து இங்கேதான் இருந்தது. கமலா நால்வரை மட்டும் உள்ளே ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

முதலில் சுப்புராயன்.

“காலையில எல்லாப் படமும் இருந்துதா?”

“இருந்தது. ஒன்பது மணிக்கு மன்றத்துக்காரங்களுக்குக் கட்டைப் பிரிச்சுக் காட்டினேன். கந்தசாமி, அந்தப் பெயின்டர் தம்பி, டிராயிங் டீச்சர் தமிழ்மொழி. மூணு பேரும்தான் பாத்தாங்க. பாதி வரைக்கும் காட்டியிருப்பேன், குத்துவிளக்கு ஏத்தக் கூப்பிட்டுட்டாங்க. அப்படியே கட்டி வச்சிட்டுப் போனேன்.”

“எந்தப் படம் வரைக்கும்?”

“இப்ப காணாமப் போனதே, அதுதான் கடைசியாக் காட்டினது. நடுப்பக்கம்.”

“அப்புறம் எப்பப் பாத்தீங்க?”

“சாப்பிடப் போகும்போது. பயிற்சி முடிஞ்சு எல்லாரும் போனதும் வந்து எண்ணிப் பாத்தேன். பதினாறும் இருந்தது. என் எதிரிலேயே கந்தசாமி பூட்டினார். சாவி அவர்கிட்ட.”

“ஒவ்வொண்ணாப் பாத்தீங்களா?”

“கட்டைப் பிரிக்கல. ஓரத்தை விரலால தள்ளி எண்ணினேன்.”

கமலா அந்த வெள்ளை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அளவும் தடிமனும் மற்ற அட்டைகளைப் போலவே. நான்கு மூலையிலும் ஊசி முனையளவு துளை. மற்ற அட்டைகளைப் பார்த்தாள். அவற்றில் துளை இல்லை.

“நடுப்பக்கத்துல இன்னா வரைஞ்சிருந்தீங்க?”

“மறியல். போன செப்டம்பர்ல சென்னைக்குத் திரும்பும்போது சங்கராபுரம் ரோட்டுல நான் வந்த பஸ்ஸு நின்னுபோச்சு. ஒரு பகல் முழுக்க அங்கதான். விழுந்த புளியமரம், சுத்திலும் சனங்க, மரத்து மேல கால் வச்சு ரம்பத்தோட ஒருத்தர்.”

கமலா நிமிர்ந்தாள். “அந்த ஆள் முகம்?”

“அப்படியே வரைஞ்சிருக்கேன். எனக்குப் பேர் மறக்கும். முகம் மறக்காது.”

 கட்டில் மேல் இருந்த ஒன்பதாவது அட்டையை எடுத்தாள். இரண்டு துண்டுகளாகக் கிடக்கும் மரத்துக்கு நடுவே ஒரு ஜீப் நுழைந்து போகிறது. ஜீப்பின் கம்பியை ஒரு பெண்ணின் கை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கமலா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்தாள்.

அடுத்து கந்தசாமி. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் எடைமேடை எழுத்தர். ஐம்பது வயது. சாவியை இன்னும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“சாவி யார்கிட்டயாவது குடுத்தீங்களா?”

“சாமி சத்தியமா இல்லீங்க. சாப்புடும்போதுகூட இடுப்புலதான் இருந்துச்சு. ஐயோ, அந்த மனுசன் மூஞ்சில நான் எப்படிங்க முழிப்பேன்? நாந்தான் மூலப்படத்தக் கொண்டாங்கன்னு மூணு தபா எழுதினேன்.”

“பூட்டறதுக்கு முன்னாடி ரூமுக்குள்ள யார் யார் வந்தாங்க?”

“விளக்கேத்தின பொறவு நான் இந்த வாசலாண்டயேதாங்க இருந்தேன். ஓவியர் வந்தாரு. நான் வந்தேன். பயிற்சி முடிஞ்சதும் தமிழ்மொழி டீச்சர் வரையற பலகைங்கள இங்க கொண்டாந்து அடுக்கிச்சு. அப்புறம், நாளைக்குப் பயிற்சி சாப்பாட்டுக் கூடத்துலதானே, அங்கயே வச்சிடறேன்னு திரும்ப எடுத்துகினு போயிடுச்சு. அதுக்கப்புறந்தான் ஓவியர் எண்ணுனாரு, நான் பூட்டினேன்.”

“அட்டையெல்லாம் ஒரே மாதிரி இருக்கே?”

“பயிற்சிக்கு வந்தவங்களும் பெரிய ஓவியர் வரையற அளவுலயே வரையட்டும்னு அவர்கிட்ட அளவு கேட்டு வாங்கினோங்க. ஒவ்வொரு பலகைக்கும் அடியில ஒரு அட்டை, மேல வரையற தாளு. நாலு மூலைலயும் டிராயிங் பின்.”

மூன்றாவதாகக் கவியரசன். உதடு வீங்கியிருந்தது. பயம் இல்லாதவன் போல உட்கார்ந்தான்.

“காலையில எதுக்குச் சண்ட?”

“அந்தப் படத்தப் பாத்தேன் மேடம். நடுவுல இருக்கறது. எங்க சனங்க எதுக்கு ரோட்ல வந்து உக்காந்துச்சுன்னு ஒரு வரி இல்ல. மரம், ரம்பம், கூட்டம். பாக்கறவன் இன்னா நெனப்பான்? வெட்டறதுக்கே பொறந்தவனுங்கன்னுதான் நெனப்பான். அதக் கேட்டேன். ‘மீதியப் பாத்துட்டுப் பேசு தம்பி’ன்னாரு. எனக்குக் கோவம், போயிட்டேன்.”

“பயிற்சியில இருந்தியா?”

“இல்ல. வாசல்ல பேனர் கட்டிகினு இருந்தேன்.”

“ஜன்னலாண்ட எதுக்கு நின்ன?”

“பீடி புடிக்க. தலைவரு பாத்தா திட்டுவாரு.”

“படத்துல ரம்பத்தோட நிக்கற ஆளு யாருன்னு தெரியுமா?”

கவியரசன் அவளை நேராகப் பார்த்தான். “தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன் மேடம்.”

கடைசியாகத் தமிழ்மொழி. தனியார் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. இருபத்தைந்து வயதிருக்கும். விரல் நுனிகளில் மை. காலைப் பயிற்சியை நடத்தியது அவள்தான்.

“பலகையெல்லாம் யாருது டீச்சர்?”

“எங்க ஸ்கூலோடது மேடம்.”

“எப்ப எடுத்துகினு போறதா இருந்தீங்க?”

“நாளைக்கு... இல்ல, இன்னிக்குச் சாயந்திரம்.”

“நாளைக்குப் பயிற்சி இருக்கே?”

தமிழ்மொழி கையிலிருந்த மையைத் துடைத்தாள். அது காய்ந்த மை, துடைத்தால் போகாது. “கொஞ்சம் பலகைய மட்டும். ஆணி கழண்டிருக்கு, சரி பண்ணணும்” என்றாள்.

“வூட்ல யார் யார்?”

“நானும் எங்க அண்ணனும். அண்ணன் டிராக்டர் ஓட்டுது. மில்லுக்குக் கரும்பு லோடு.”

“சரி. வெளிய இருங்க.”

*

சாப்பாட்டுக் கூடத்தில் பலகைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. காலையில் வரைந்த படங்கள் அவற்றின் மேலேயே பின் குத்தியபடி இருந்தன. சேவல், பஸ், மீசைக்காரன், முருகன், மறுபடி சேவல். ஏட்டு அந்தப் பலகைகளை ஒருமுறை நகர்த்திப் பார்த்து, பின்னால் ஒன்றும் இல்லை என்று விட்டிருந்தார்.

கமலா ஒவ்வொரு பலகையாக எடுத்தாள். படங்களைப் பார்க்கவில்லை. மூலைகளை மட்டும் பார்த்தாள். பாதி அடுக்கைத் தாண்டியபின் ஒரு பலகையைத் தனியே எடுத்து வைத்தாள்.

“ஏட்டய்யா, அந்த நாலு பேரையும் கூப்பிடுங்க. வேற யாரும் வேணாம். கதவ சாத்திடுங்க.”

நால்வரும் வந்தார்கள். கவியரசன் சுவரில் சாய்ந்து நின்றான். கந்தசாமி உட்காரவே இல்லை.

“எல்லாரும் பூட்டையே பாத்துகினு இருக்கீங்க” என்று ஆரம்பித்தாள் கமலா. “பூட்டின ரூமுக்குள்ள திருடன் எப்படிப் போனான்? சாவி எப்படிக் கெடச்சுது? கம்பி வழியா எப்படி எடுத்தான்? நானும் முதல்ல அப்படித்தான் யோசிச்சேன். அப்புறம் இந்த வெள்ளை அட்டையப் பாத்தேன். பூட்டின ரூமுக்குள்ள ஒருத்தன் எப்படியோ போயிட்டான்னே வச்சுக்கங்க. அவனுக்கு எதுக்கு வெள்ளை அட்டை? படத்த உருவிகினு போவான். பதிலுக்கு ஒண்ண வச்சுட்டுப் போகணும்னு அவனுக்கு இன்னா தலையெழுத்து?”

அவள் வெள்ளை அட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

“வெள்ளை அட்டையால ஒரே ஒரு பிரயோஜனம்தான். ஓரத்த எண்ணினா பதினாறு வரும். அப்ப ஓவியர் எண்ணறதுக்கு முன்னாடியே படம் போயிடுச்சு. பூட்டினது காலிப் பெட்டிக்குப் பூட்டு போட்ட கதைதான். கந்தசாமி சாருக்குப் பூட்டின பொறவு ரெண்டு மணி நேரம் சாவி கையில இருந்துச்சு. அவர் எடுக்கறதா இருந்தா அவசரமே இல்ல. கவியரசன் ஜன்னலாண்ட நின்னது பூட்டின பொறவு. காலையில படம் பாத்துட்டுப் போனவன் அப்புறம் ரூமுக்குள்ளயே வரல, பயிற்சிக்கும் வரல.”

கந்தசாமி நீளமாக மூச்சு விட்டார்.

“இந்த அட்டையில நாலு மூலைலயும் ஓட்டை. கடையிலேர்ந்து வந்த புது அட்டையில ஓட்டை இருக்காது. இது பலகையில பின் குத்தி இருந்த அட்டை. அதக் கழட்டினா அந்தப் பலகையில அடி அட்டை இல்லாம இருக்கணும். ஆனா எல்லாப் பலகையிலயும் தாளுக்கு அடியில அட்டை இருக்கு. இதப் பாருங்க.”

பலகையைத் தூக்கிக் காட்டினாள். சேவல் படம். மூலையில் பின். பின்னுக்குச் சற்றுத் தள்ளி, தாளில் வெறும் துளை ஒன்று. நான்கு மூலையிலும் அப்படியே.

“மத்த தாளுங்கள்ல மூலைக்கு ஒரு ஓட்டை. இதுல ரெண்டு. ஒருதபா கழட்டித் திரும்பக் குத்தியிருக்காங்க. அவசரத்துல பழைய ஓட்டையில பின் உக்காரல.” அவள் குரலை உயர்த்தவில்லை. “நீங்களே கழட்டிடறீங்களா டீச்சர்?”

தமிழ்மொழி முன்னால் வந்து பின்களைப் பிடுங்கினாள். கடைசிப் பின் கையிலிருந்து நழுவி விழுந்தது. சேவல் தாள் சரிந்தது. அதன் அடியில் சங்கராபுரம் சாலை கிடந்தது.

சுப்புராயன் ஓடிவந்து அட்டையைத் தூக்கினார். மூலைகளைத் தடவிப் பார்த்தார். “ஓரத்துலதான் ஓட்டை. படத்துல ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல” என்றவர், பக்கத்திலிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

படத்தில் மரத்தின் மேல் கால் வைத்து ரம்பத்தை இழுக்கும் ஆளின் இடப்புருவம் ஒரு தழும்பால் இரண்டாகப் பிளந்திருந்தது.

“யாரு டீச்சர் இது?” என்றாள் கமலா.

“எங்க அண்ணன். பாவாடை.”  தரையில் உட்கார்ந்து அழுதாள். “நான் மரம் வெட்டல பாப்பான்னு எங்கிட்ட சொல்லிச்சு மேடம். நம்பிட்டேன். காலைல இதப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இது புஸ்தகமா வந்தா அண்ணனத் தேடிகினு வூட்டுக்கே வந்துருவீங்க. கிழிக்கலாம்னுதான் எடுத்தேன். கிழிக்க மனசு வரல. இத எப்படி மேடம் கிழிக்கறது?”

கவியரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏட்டு கமலாவைப் பார்த்தார். நான்கு மாதமாக அவர்கள் தேடிக்கொண்டிருந்த முகம் பெஞ்சின் மேல் கிடந்தது.

*

கமலா படத்தைக் குனிந்து பார்த்தாள். மரத்தின் அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். பிறகு ஏட்டிடம், “உள்ள கட்டில் மேல இருக்கற ஒன்பதாவது அட்டைய எடுத்தாங்க” என்றாள்.

வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“டீச்சர், எழுந்து வாங்க. இதப் பாருங்க. மரத்தோட அடியப் பாருங்க. கோடாலி வெட்டு. நானே நேர்ல பாத்தேன், கேஸுலயும் அப்படித்தான் இருக்கு. அடியில ரம்பம் பட்டதே இல்ல. உங்க அண்ணன் எங்க அறுக்கறாரு? மேல, மரம் மெலியற எடத்துல. இலையப் பாருங்க, சுருண்டு தொங்குது. மரம் விழுந்து ரொம்ப நேரம் ஆச்சு. விழுந்து கெடக்கற மரத்த எவனாவது திரும்ப வெட்டுவானா?”

தமிழ்மொழி அழுகையை நிறுத்தியிருந்தாள்.

“அடுத்த படத்துல மரம் ரெண்டு துண்டு. நடுவுல ஜீப்பு போவுது. அன்னிக்கு நான் போனப்ப மரம் ரெண்டாத்தான் கெடந்துச்சு. ரோடு போடறவங்க அறுத்திருப்பாங்கன்னு விட்டுட்டேன். தப்பு என்னுது. ஓவியரே, அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

“அதைத்தானேம்மா அடுத்த பக்கத்துல வரைஞ்சிருக்கேன்” என்றார் சுப்புராயன். “மலைமேல வெள்ளிமலை ஊர்லேர்ந்து ஒரு ஜீப் வந்தது. உள்ள பிரசவ வலியில ஒரு பொண்ணு. மரம் குறுக்க. இந்த ஆள்தான் பக்கத்து வீட்டுக்கு ஓடி ரம்பம் வாங்கிட்டு வந்தார். அறுத்த தலைப்பக்கத்தை நாலு பேரோட சேர்ந்து இழுத்துத் தள்ளினார். நடுப்பக்கத்தோட நிறுத்திட்டா அவர் வெட்டறவர். பக்கத்தைப் புரட்டினா வழி விட்டவர். சித்திரக்கதையே அப்படித்தான். ரெண்டு கட்டத்துக்கு நடுவுலதான் கதை இருக்கு.”

“அண்ணன் எங்கிட்ட ஏன் சொல்லல?” தமிழ்மொழியின் குரல் மிகச் சின்னதாக வந்தது.

“வரச்சொல்லுங்க, கேப்போம்.”

*

பாவாடை வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. காய்ந்த கரும்புச் சோகைத் துணுக்கு ஒட்டிய சட்டையோடு, டிராக்டரை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான். போலீஸைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தான். பெஞ்சில் தன் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“மரம் யாரு வெட்டினது?” என்றாள் கமலா.

“நான் போவும்போதே விழுந்து கெடந்துச்சுங்க. வெட்டினத நான் பாக்கல. அறுத்தது நான்தான்.”

“இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?”

“யாருகிட்டங்க சொல்றது? உங்ககிட்ட சொன்னா, அப்ப நீ அங்க இருந்தியான்னு உள்ள தள்ளுவீங்க. எங்காளுங்ககிட்ட சொன்னா, ஒரு வாரம் ரோட்ல கெடந்தோம், நீயே மரத்த அறுத்து வழி வுட்டியான்னு கேப்பாங்க. பாப்பாகிட்ட சொன்னா பயந்துகினு தூங்காது. அதான் வாய மூடிகினு இருந்தேன்.”

கவியரசன் சுவரை விட்டு நகர்ந்து வந்தான். “யோவ், பிரசவ வண்டிய விடக்கூடாதுன்னு எவன்யா சொன்னான்? நாங்க உக்காந்த எடத்துல ஆஸ்பத்திரி வண்டி வந்தா நாங்களே எழுந்து வழி விட்டோம். சொல்லியிருந்தா உன்னத் தோள்ல தூக்கியிருப்போம்.” அவன் சுப்புராயன் பக்கம் திரும்பினான். “மீதியப் பாக்காம பேசிட்டேன் சார்.”

“நீ கேட்டதும் நியாயந்தான் தம்பி. சனங்க எதுக்கு உக்காந்தாங்கன்னு ஒரு பக்கம் சேக்கணும். நாளைக்கு உக்காந்து சொல்லு.”

கமலா தொப்பியை எடுத்தாள். “என் கேஸு மரம் வெட்டினவன் மேல. வழி விட்டவன் மேல இல்ல. திருட்டுக்குப் புகார் இருந்தா எழுதிக் குடுங்க ஓவியரே.”

“படம் மண்டபத்தை விட்டே போகலையேம்மா. என்ன புகார்?” என்றார் சுப்புராயன். கந்தசாமி ஓடிப்போய்க் கவியரசனின் கையைப் பிடித்துக்கொண்டார். சட்டையைக் கிழித்தது அவருடைய மன்றத்து ஆட்கள்தான். “புதுச் சட்ட ஒண்ணு எடுத்துக் குடுத்துருங்க தலைவரே” என்று கவியரசனே சிரித்து முடித்துவைத்தான். கூடத்துக் கதவைத் திறந்தார்கள். காத்திருந்த கூட்டம் படம் கிடைத்தது என்று கேட்டதும் மண்டபமே அதிரும்படி கைதட்டியது.

பாவாடை மட்டும் படங்களை விட்டு நகரவில்லை. தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவன் ஜீப் படத்தை விரலால் தொடாமல் காட்டினான்.

“ஐயா, நாலு மாசமா ஒரே ரோசனைங்க. அந்தப் பொண்ணு பொழச்சுதா?”

சுப்புராயன் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். இன்னும் யாருக்கும் காட்டாத கடைசி அட்டையை உருவினார். வெள்ளிமலையில் சாமைக் கதிர் காயும் ஒரு களம். அதன் ஓரத்தில் ஒரு பெண், மடியில் குழந்தை.

“படம் முடிக்கணும்னு போன மாசம் மலைக்குப் போய் ஜீப் டிரைவரைத் தேடிப் பிடிச்சேன். அவர்தான் கூட்டிட்டுப் போனார். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பொம்பளப் புள்ள.”

பாவாடையின் முகம் முழுவதும் நெகிழ்ந்துபோனது. துண்டால் துடைத்துக்கொண்டான்.

“பேரு இன்னா வச்சிருக்காங்க?”

சுப்புராயன் தலையில் கை வைத்துக்கொண்டார். “அதைக் கேக்கவே இல்லையே!”

“பரவால்லீங்க” என்றான் பாவாடை. “நாளைக்கு எனக்கு லோடு இல்ல. காலைல பஸ்ஸுல நானே போயி கேட்டுட்டு வந்துடறேன்.”

“நானும் வர்றேண்ணே” என்றாள் தமிழ்மொழி.